பொதுக்காலத்தின் பத்தொன்பதாம் வெள்ளி

அன்னம்மாள் நாள்தோறும் விடியற்காலையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று பேசுவாள். ஓசூர் சாலையின் இரைச்சல் தொடங்குவதற்குமுன் பேசி முடித்துவிட வேண்டும். முதலில் சிலுவை அடையாளம். பிறகு அன்றைய நற்செய்தியிலிருந்து சில வரிகள். அதன்பின் அவற்றைப் பற்றிய அவளுடைய சிந்தனை. பேசியதைக் கைப்பேசியில் பதிந்து, தங்கள் தெருவின் அன்பியக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். பொம்மனஹள்ளியில் அந்தச் சில தெருக்களில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் கூடிச் செபிக்கும் அன்பியம் அது. அங்கிருந்து அவளுடைய குரல் உறவினர் கைப்பேசிகள் வழியாக அத்திபெலேவுக்கும் ஓசூருக்கும் தருமபுரிக்கும் போய்ச் சேரும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற கைம்பெண்ணான அவளுக்கு, இந்தப் பணியே நாளின் முதுகெலும்பாக இருந்தது.

அவளுக்கு இரண்டு விதிகள் உண்டு. வாசகத்தைத் தானாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது ஒன்று. எவரையும் மனத்தில் வைத்துப் பேசுவதில்லை என்பது மற்றொன்று. திருவழிபாட்டு நாள்காட்டி அன்றைக்கு எதைத் தருகிறதோ அதையே அவள் பேசினாள். அன்பியத்தின் செயலர் இன்னாசிமுத்து ஒருமுறை இதை நம்ப மறுத்தார். அவர் தம் வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்பிக்கொண்டிருந்த வாரத்தில், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவிலியான செல்வனின் உவமை வாசகமாக வந்துவிட்டது.

"என்னக்கா, நான் மாடி கட்டறதத்தானே குத்திக் காட்டினீங்க?" என்று அவர் கோவில் வாசலிலேயே கேட்டார்.

"உன் மாடிக்காகவா லூக்கா அதை எழுதி வெச்சாரு? காலண்டரப் போய்க் கேளுப்பா," என்றாள் அன்னம்மாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், இன்னாசிமுத்துவும் சிரித்தார். அன்று முதல் யாராவது மனம் புண்பட்டால், "காலண்டரப் போய்க் கேளு" என்பது அந்த அன்பியத்தில் வழக்குச் சொல்லாயிற்று.

அவளுடைய ஒரே மகள் மௌரீன், அத்திபெலேயில் லாரி அலுவலகம் நடத்தும் அருண்குமாருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டிருந்தாள். ஈஸ்டரை ஒட்டிய உயிர்ப்புக் காலம் முடிந்து, பொதுக்காலத்துக்காகக் குருக்கள் மீண்டும் பச்சை உடை அணியத் தொடங்கிய வாரத்தில், அவள் ஒரு நீலநிறப் பையுடன் தாய்வீடு வந்து சேர்ந்தாள். பொம்மசந்திராவில் உள்ள மருந்துத் தொழிற்சாலைக்கு அங்கிருந்தே வேலைக்குப் போய்வந்தாள். ஏன் வந்தாள் என்பதைச் சொல்லவில்லை. பையையும் பிரிக்கவில்லை. துவைத்து மடித்த துணிகளைத் திரும்பவும் அந்தப் பைக்குள்ளேயே வைத்து, அதைக் கதவோரமாக நிறுத்தியிருந்தாள். கணவன் மனைவிக்கு இடையில் ஏதோ மனத்தாங்கல், நாளாவட்டத்தில் ஆறிவிடும் என்று அன்னம்மாள் எண்ணியிருந்தாள். அருண்குமாரைப் பற்றி எவரும் குறை சொல்லக் கேட்டதில்லை. அத்திபெலேக் கோவிலில் ஞாயிறுதோறும் வாசகம் வாசிப்பவன் அவன். மாமியாரின் அன்பியக் குழுவில் தன்னையும் சேர்த்துக்கொண்டு, அவளுடைய சிந்தனை ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் போடுபவன்.

ஆகஸ்டு மாதத்தில், பொதுக்காலத்தின் பத்தொன்பதாம் வாரம் வந்தது. புதன்கிழமை நற்செய்தி, குற்றம் செய்த சகோதரனைத் திருத்துவது பற்றியது. முதலில் அவனிடம் தனியாகச் சொல்; கேளாவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ; அதற்கும் இணங்காவிட்டால் திருச்சபையிடம் சொல் என்பது அதன் முறை. அன்னம்மாள் வழக்கம்போல் பேசி அனுப்பினாள். அன்று மாலையே இன்னாசிமுத்து வீடு தேடி வந்தார்.

"அக்கா, அருண்குமார் தம்பி போன் பண்ணுச்சு. சனிக்கிழமை மாதா திருநாளு. லீவு நாளும் ஆச்சு. பூசை முடிஞ்சதும் அவங்க அண்ணனையும் இங்க இருக்கற ஃபாதரையும் கூட்டிட்டு வந்து பேசறாராம். காலையில நீங்க சொன்ன வசனப்படியே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றாரு, பாருங்க!"

அவர் அதை மகிழ்ச்சியோடுதான் சொன்னார். அன்னம்மாளுக்கும் நெஞ்சிலிருந்த சுமை சற்று இறங்கியது போலிருந்தது.

"தம்பி ரொம்ப இறங்கிதான் பேசுது. பாப்பா சரின்னு சொல்லிட்டா, அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்னு சொல்லுது. என்னம்மா மௌரீன்?"

மௌரீன் அடுக்களை வாயிலில் நின்றிருந்தாள். "காபி சாப்பிடறீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பேகா, சீக்கிரம் கொடும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் அவர். அவள் கொடுத்த காப்பியைக் குடித்து, அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

வியாழக்கிழமை நற்செய்தி மன்னிப்பு பற்றியது. ஏழு முறை மட்டுமன்று, எழுபது தடவை ஏழு முறை மன்னிக்க வேண்டும் என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்ட பகுதி. அன்னம்மாள் அதைப் பேசும்போது, தன்னையறியாமல், வீட்டினுள் படுத்திருந்த மகளை நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் விதி நினைவுக்கு வந்தது. குரலைச் சற்றுத் தாழ்த்தினாள். எனினும் மாலையில் மௌரீன் வேலை முடிந்து வந்து, கதவோரத்துப் பையினருகில் செருப்பைக் கழற்றியபோது, அவளால் சும்மா இருக்க இயலவில்லை.

"சனிக்கிழமை அவங்க வரப்போ அந்தப் பச்சைப் புடவையக் கட்டிக்கோ. ஒரு தரம் மன்னிச்சுதான் பாரேன், மௌரீன்."

மௌரீன் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அன்னம்மாளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நாளைக்கு என்ன வாசகம்னு எனக்குத் தெரியும்மா," என்றாள் மௌரீன். "மத்தேயு பத்தொன்பது. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும். சில வருஷம் மாற்குலயும் வரும். அப்ப வருஷத்துக்கு ரெண்டு தரம். காலண்டர் வாங்கினதும் முதல்ல அதைத்தான் தேடுவேன்."

"ஏன்?"

"அன்னிக்கு உன் ஆடியோ வரும்ல."

அன்னம்மாளுக்கு விளங்கவில்லை. மௌரீன் சுவரில் சாய்ந்துகொண்டு கண்களை மூடினாள். பிறகு, நாள்தோறும் விடியலில் தண்ணீர்த் தொட்டியருகே ஒலிக்கும் அதே நிதானத்தோடு, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினாள்.

"'அன்பான சகோதரிகளே. குடும்பம் என்பது ஒரு பீடம். கணவர் கை ஓங்கும்போது நாம் நா ஓங்காமல் இருந்தால்...' இங்க ஒரு தரம் தொண்டையச் செருமுவ. '...அதுவே நமது செபமாலை.' அப்புறம் தூரத்துல ஒரு சேவல் கூவும்."

அந்தச் சொற்கள் அன்னம்மாளுடையவைதாம். செருமலும் அவளுடையதுதான். முன்பொரு பத்தொன்பதாம் வெள்ளியன்று, கோவிலில் பல பெண்கள் அதைப் பாராட்டினார்கள் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

"அதை அவர் போன்ல தனியா எடுத்து வெச்சிருக்காரு," என்றாள் மௌரீன். "அடிச்ச மறுநாள் காலையில ஸ்பீக்கர்ல போடுவாரு. ஷேவ் பண்ணிட்டே கேப்பாரு. நான் தோசை ஊத்திட்டிருப்பேன். 'கேட்டுக்கோ, உங்கம்மாவே சொல்றாங்க'ம்பாரு. திட்ட மாட்டாரு அப்போ. சிரிச்ச முகமாதான் சொல்வாரு."

"அடிப்பாரா?" என்று கேட்டாள் அன்னம்மாள்.

மௌரீன் சட்டைக் கையை முழங்கைக்குமேல் ஏற்றிக் காட்டினாள். பழைய தழும்பு. பெண் வீட்டுக்கு வந்த நாள் முதல் நீளக் கைச் சட்டையே அணிகிறாள் என்பதைக்கூடத் தாய் கவனித்திருக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, என் தாயே?"

"சொன்னேனே. 'பக்கத்து வீட்டுல ஒரு பொண்ண அடிக்கறாங்கம்மா, என்ன பண்றது'ன்னு போன்ல கேட்டேன். 'பொறுத்துக்கச் சொல்லு, செபம் பண்ணச் சொல்லு'ன்ன. அதுக்கப்புறம் உன்னைக் கூப்பிடவே பயமா இருந்துச்சு. போனை எடுத்தா அதே குரல்தானே பேசும்?"

அன்னம்மாளுக்கு அந்த உரையாடல் நினைவில்லை. அதுவே அவளை மிகவும் வருத்தியது. நூறு பேருக்குச் சொல்லும் அறிவுரையோடு அறிவுரையாக அதையும் சொல்லிவிட்டு, அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கப் போயிருப்பாள்.

மகளுடைய கையைத் தொடுவதற்காக அவள் கையை நீட்டினாள். மௌரீன் விலகிக்கொள்ளவில்லை, ஆனால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு என்ன பேசப் போற?" என்று கேட்டாள்.



வெள்ளிக்கிழமை விடிந்ததும் பழக்கத்தின் வலிமையால் அவள் மாடியேறினாள். கைப்பேசியில் அன்றைய வாசகங்களைத் திறந்தாள். நற்செய்தி அவளுக்கு மனப்பாடம். முதல் வாசகத்தை அவள் என்றைக்கும் பேசுவதில்லை. நேரம் போதாது என்று விட்டுவிடுவாள். வார நாள்களின் நற்செய்தி ஆண்டுதோறும் அதுவாகவே வரும். முதல் வாசகமோ ஓராண்டு விட்டு ஓராண்டுதான் திரும்பும். இன்று அவள் கண் முதலில் அதன்மேல் விழுந்தது. இறைவாக்கினர் எசேக்கியேலின் பகுதி. பிறந்த அன்றே வெட்டவெளியில் எறியப்பட்ட ஒரு பெண்குழந்தை. கழுவுவாரும் துணியால் சுற்றுவாரும் இல்லை. இரங்குவதற்கு ஒரு கண்ணும் இல்லை. அவ்வழியே கடந்த இறைவன், தன் இரத்தத்தில் துடித்துக் கிடந்த அவளைக் கண்டு, வாழ் என்று சொல்கிறார்.

அன்னம்மாள் பலமுறை அதைப் படித்தாள். பதிவு செய்யும் பொத்தானைத் தொட்டாள், விரலை எடுத்துவிட்டாள். வாசகத்தை விட்டுவிடவும் அவளால் இயலவில்லை. பழையபடி பேசவும் இயலவில்லை. பேசாமல் இருப்பதே தான் செய்யக்கூடியது என்று தோன்றியது. கைப்பேசியை முந்தானையில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். மௌரீன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னிக்கு ஒண்ணும் அனுப்பலை," என்றாள் தாய்.

மௌரீன் தலையசைத்தாள். தலைவாரிக்கொண்டிருந்த அவள் கை சற்றுத் தளர்ந்தது போலிருந்தது. அன்னம்மாள் அவளுக்கு உணவு எடுத்து வைத்தாள். கைப்பேசி சிலமுறை அதிர்ந்தது. 'அக்கா, இன்னும் சிந்தனை வரலையே?' 'அக்காவுக்கு உடம்பு சுகமில்லையா?' அவள் பார்த்தாள், பதில் எழுதவில்லை.

மௌரீன் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு வாசலிலிருந்து குரல் எழுந்தது. அன்பியத்தைச் சேர்ந்த ஜெசிந்தா வாசல் பெருக்கும்போது கைப்பேசியைத் திண்டின்மேல் வைத்து, ஒலியைக் கூட்டிக் கேட்பது வழக்கம்.

'அன்பான சகோதரிகளே. குடும்பம் என்பது ஒரு பீடம்...'

மௌரீன் தண்ணீர்க் குழாயை மூடவில்லை. புட்டி நிரம்பி வழிந்தது. கீழே அந்தக் குரல் சரியான இடத்தில் செருமிற்று. சேவலும் கூவிற்று.

"நான் அனுப்பலை! சத்தியமா நான் அனுப்பலை!" என்று அன்னம்மாள் கைப்பேசியைத் திறந்தாள். இன்னாசிமுத்து எழுதியிருந்தார்: 'தோத்திரம். அன்னம்மாள் அக்காவுக்கு இன்று உடல்நலம் இல்லை போலும். சென்ற ஆண்டு இந்த வெள்ளி மாதா திருநாளாக அமைந்துவிட்டதால், அதற்கு முந்தைய ஆண்டின் சிந்தனையை இணைத்துள்ளேன். நற்செய்தி அதேதான்.' அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவற்றுள் ஒன்று அருண்குமாருடையது.

மௌரீன் அதைத் தாயின் தோளுக்குமேல் பார்த்துவிட்டாள். குழாயை மூடினாள். கதவோரத்து நீலப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்கடீ போற?"

"கம்பெனி பக்கத்துல பி.ஜி. ஹாஸ்டல் இருக்கு. ஒரு படுக்கை காலியா இருக்குன்னு சொன்னாங்க. இங்க இருந்தா நாளைக்கு எல்லாரும் உட்கார்ந்து இதைப் போட்டுக் கேட்டுட்டு என்னை அனுப்பி வெச்சுடுவீங்க."

அவள் வெளிப்படிக்கட்டில் இறங்கத் தொடங்கினாள். அன்னம்மாள் இன்னாசிமுத்துவை அழைத்தபடியே பின்னால் விரைந்தாள்.

"அந்த ஆடியோவ எடுத்துடு, இன்னாசி. உடனே எடுத்துடு."

"ஏன்க்கா? அருமையா இருக்கே! அத எடுத்தாலும் என்ன பிரயோஜனம், பாதிப் பேரு பார்வர்ட் பண்ணிட்டாங்க. ஓசூர்ல என் மச்சினிச்சிக்கே போயிடுச்சு."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். மௌரீன் படிக்கட்டின் திருப்பத்தை அடைந்திருந்தாள்.

"மௌரீன், நில்லு. நான் பேசறேன். இப்பவே பேசி அனுப்பறேன்."

மௌரீன் நின்றாள், திரும்பவில்லை. "என்ன பேசுவ?"

"தெரியல. உன்னைப் பத்திச் சொல்லட்டுமா? உனக்கு இஷ்டமில்லன்னா பேர் சொல்லாம..."

கீழே துடைப்பத்தின் ஓசை கேட்டது.

"பேர் சொல்லலன்னா, யாரோ பக்கத்து வீட்டுப் பொண்ணுன்னுதான் நெனச்சுக்குவாங்க," என்றாள். "சொல்றதுன்னா என் பேரச் சொல்லு."

அன்னம்மாள் படிக்கட்டிலேயே நின்று, கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள். ஓசூர் சாலையில் பேருந்துகளின் ஒலி ஏறியிருந்தது. சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு பேசினாள்.

"அன்பியத்தில் உள்ள அனைவருக்கும் தோத்திரம். இன்று உங்களுக்கு வந்தது என் பழைய பேச்சு. அதை இனி யாரும் கேட்க வேண்டாம். யாருக்கும் போட்டுக் காட்டவும் வேண்டாம். இன்றைய நற்செய்தியில் ஆண்டவரிடம் கேள்வி கேட்டவர்கள் ஆண்கள். மனைவியை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமா என்று கேட்டார்கள். உங்கள் கடின உள்ளம் என்று ஆண்டவர் சொன்னது அவர்களைப் பார்த்து. நான் இத்தனை ஆண்டுகளும் அதைப் பெண்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

இம்முறை அவள் செருமாமல் தொடர்ந்தாள்.

"என் மருமகன் அருண்குமார் என் மகள் மௌரீனை அடித்துவிட்டு, மறுநாள் காலையில் என் குரலை அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். புதன்கிழமை வாசகத்தில், அவன் கேளாவிட்டால் திருச்சபையிடம் சொல் என்று படித்தோம். நான் சொல்லிவிட்டேன். முதல் வாசகத்தை நான் ஒருபோதும் பேசியதில்லை. இன்று அதை வீட்டில் எடுத்துப் படியுங்கள். இரத்தத்தில் கிடந்த பெண்ணிடம் கடவுள் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. வாழ் என்றார். நாளை என் மகள் எவரோடும் போக மாட்டாள்."

அனுப்பினாள். சற்று நேரத்தில் கீழ்வீட்டில் பழைய பேச்சு முடிந்து, ஜெசிந்தாவின் கைப்பேசி தானாகவே அடுத்ததை ஒலிக்கத் தொடங்கியது. பாதியில் துடைப்பத்தின் ஓசை நின்றது. மௌரீன் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, தன் பெயர் கீழே வாசலில் ஒலிப்பதைக் கேட்டாள்.

குழுவில் எவரும் கைகூப்பவில்லை. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. யார் யார் கேட்டார்கள் என்று காட்டும் பட்டியலில் மட்டும் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மௌரீனின் கைப்பேசி ஒலித்தது. திரையில் அருண்குமாரின் பெயர். அவள் அதை அணைத்தாள். மீண்டும் ஒலித்தது, மீண்டும் அணைத்தாள்.

பிறகு இன்னாசிமுத்து அன்னம்மாளை அழைத்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? குடும்ப விஷயத்த குரூப்ல போடலாமா? ஃபாதர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?" அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. பிறகு ஏதோ வழி கண்டவர் போலச் சொன்னார்: "வாசகம் இன்னிக்கு அப்படி வந்துடுச்சு, அதனால பேசிட்டாங்கன்னு சொல்லிடட்டுமா?"

அன்னம்மாள் மகளைப் பார்த்தாள். மௌரீனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம், இன்னாசி. வாசகம் காலண்டர்ல வந்துச்சு. பேசினது நான். இன்னிக்குப் பேசினதும் நான்தான்; அந்தப் பழசு பேசினதும் நான்தான். அப்படியே சொல்லு."

கைப்பேசியை இறக்கினாள். தெருமுனையில் தொழிற்சாலைப் பேருந்தின் ஒலி கேட்டது. மௌரீன் தோளிலிருந்து நீலப் பையைக் கழற்றிப் படியின்மேல் வைத்தாள். அதன் பக்கவாட்டிலிருந்து அடையாள அட்டையை மட்டும் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அன்னம்மாள் பையைத் தூக்கக் குனிந்தாள்.

"எடுக்காத," என்றாள் மௌரீன். "இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வந்து நானே பாத்துக்கறேன்."

அவள் இறங்கிப் போனாள். கீழ்வாசலில் துடைப்பத்தோடு நின்ற ஜெசிந்தா வழிவிட்டு ஒதுங்கினாள். அன்னம்மாள் பையின் அருகில், படியிலேயே உட்கார்ந்தாள். அத்திபெலேயில் அருண்குமாரின் கைப்பேசியில் தன் பழைய குரல் இன்னும் இருக்கிறது என்பதையும், நாளைக் காலைப் பூசைக்கு அவன் வருவான் என்பதையும் அவள் அறிந்திருந்தாள். பையைத் தொடாமல், அதற்கு வெயில் படாதபடி தன் நிழல் விழுமாறு சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.